தகரம் கேட்க வந்தவள்

நிரஞ்சனா காரை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது, கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெள்ளையும் வெளிறிய நிறமுமாக உடுத்தியிருந்தார்கள். அவள் ஒருத்திதான் கறுப்பு. கறுப்பு ஜீன்ஸ், கறுப்புச் சட்டை, நெஞ்சில் துருப்பிடித்தது போன்ற எழுத்தில் ‘தகரம்’ என்று அச்சடித்திருந்தது. வாசலில் குத்துவிளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் மாலை போட்ட படம். படத்துக்கு முன்னால் பண்டாரம் சம்மணமிட்டு உட்கார்ந்து தர்ப்பையை முறுக்கிக்கொண்டிருந்தார். இது இசை நிகழ்ச்சி இல்லை, யாரோ ஒருவருடைய பதினாறாம் நாள் காரியம் என்று புரிந்துகொள்ள அறிவியல் பட்டம் தேவைப்படவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று ரிவர்ஸ் கியரைப் போட்டாள். அதற்குள் செம்பனைக் குலை ஏற்றுகிற பழைய லோரி ஒன்று பின்னால் வந்து, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குள் நுழைகிற ஒரே பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. லோரியின் முதுகில் தார்ப்பாய் போர்த்திய டிரம் செட். முன் இருக்கையிலிருந்து கித்தார் பையோடு குதித்து இறங்கியவன் கிரிதரன். சந்தேகமே இல்லை, கிரிதரன்தான். நான்கு வருடமாக அவளுடைய காதுக்குள் குடியிருக்கிற குரல், இப்போது இரண்டு கால்களோடு அவள் காரைத் தாண்டிப் போனது. நிரஞ்சனாவின் கை தானாகக் கியரை விட்டது. பின் இருக்கையில் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டு கிடந்தது. அதை எடுத்துக் கறுப்புச் சட்டை தெரியாதபடி கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டாள்.

தகரம் என்பது நான்கு பேர் சேர்ந்த ராக் குழு. மலேசியாவில் ரெம்பா ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த பையன்கள். மொத்தம் பதினொரு பாட்டு, ஏழு மேடை. அந்த ஏழில் ஒன்றைக்கூட நிரஞ்சனா பார்த்ததில்லை. முதலாவதற்கு அம்மா விடவில்லை. இரண்டாவதற்குப் பரீட்சை. மூன்றாவதற்கு வாசல் வரைக்கும் போனாள். எல்லாரும் கும்பல் கும்பலாக உள்ளே போவதைப் பார்த்து, தனியாகப் போகக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டாள். நான்காவதற்கும் அதே கதைதான், ஆனால் இந்த முறை நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு. ஐந்தும் ஆறும் ஈப்போ பக்கம். ஏழாவதற்கு எப்படியும் போவது என்று அவள் முடிவெடுத்தபோது அது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதோடு குழு கலைந்துவிட்டது. கிரிதரன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வேலைக்குப் போகிறான் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அப்படி இருக்கையில்தான் பத்து நாளைக்கு முன்பு முகநூலில் அந்தச் சுவரொட்டி வந்தது. கறுப்புப் பின்னணி, நெருப்பு, நடுவில் ஒரு பெரியவரின் முகம். ‘ஆறுமுகத்துக்காகத் தகரம். கடைசியாக ஒரு முறை.’ தேதி, காலை பத்து மணி, தோட்டத்துப் பெயர். டிரம் அடிக்கிற குணாளனின் அப்பாதான் ஆறுமுகம் என்பதும், ஏழு மேடைக்கும் டிரம்மைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் நினைவாக ஒரு கச்சேரி என்றுதான் நினைத்தாள். பேஸ் கித்தார் வாசிக்கிற புனிதனுக்குக் கச்சேரிக்கான சுவரொட்டி மட்டும்தான் வரையத் தெரியும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதன் கீழே நானூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்திருந்தன. அவள் கணக்குப் போட்டாள். பத்து சதவீதம் வந்தால்கூட நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்குள் ஒளிந்துகொள்வது சுலபம். இப்போது காருக்குள் இருந்தபடியே எண்ணிப் பார்த்தாள். வந்திருந்த ரசிகர்கள் மொத்தம் ஒருவர்.

கூடாரத்தின் ஓரத்தில் சிராப் சர்பத் கலந்துகொண்டிருந்த பெண்மணிதான் முதலில் பிடித்துக்கொண்டாள். அவள் புஷ்பவள்ளி, இறந்தவரின் தங்கை. வருகிறவர்களை விசாரிப்பது அந்தக் குடும்பத்தில் அவளுடைய இலாகா.

“வாங்கம்மா, வாங்க. எங்கேருந்து வர்றீங்க?”

“சி ரூசாவுலேருந்துங்க.”

சிராப்பைக் கலக்கிக்கொண்டிருந்த அகப்பை நின்றது.

“சி ரூசாவா? போர்ட் டிக்சன் கடக்கரப் பக்கமா?”

“ஆமாங்க, பி.டி. பக்கம். அங்கதான் இருக்கேன்...”

நிரஞ்சனாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் முதல் பாதிதான் வெளியே வரும். மறுபாதி, கேட்பவருடைய முகத்தைப் பார்த்ததும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கடல் தண்ணீரைப் பரிசோதிக்கிற இடத்தில் வேலை, அதற்காக அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், சொந்த வீடு மம்பாவில் என்பதெல்லாம் அப்படியே உள்ளே தங்கிவிட்டன.

“எங்க அண்ணன உங்களுக்கு எப்படித் தெரியும்?” புஷ்பவள்ளியின் குரல் சட்டென்று இனிப்பாகிவிட்டது.

“லோரியோட பாத்திருக்கேங்க...” வீடியோவில்.

“ஓ. லோரியோட.” புஷ்பவள்ளி திரும்பி, பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லத்தைப் பார்த்தாள். செல்லம் கத்தியைக் கீழே வைத்தாள். “இன்னிக்குக் கருமாதின்னு யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லலைங்க. ஃபேஸ்புக்லதான் பாத்தேன். கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு...”

அதைச் சொல்கிற நேரத்தில் கிரிதரன் ஒலிபெருக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படத்துக்குப் பக்கமாக நடந்து போனான். நிரஞ்சனாவின் கண்கள் அவனோடு போய், படத்தருகே நின்று, கலங்கின. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் கிரிதரன் கண்ணில் படவில்லை. மாலை போட்ட படம் மட்டும்தான் பட்டது.

“அப்பா என்னம்மா பண்றாரு?” என்று மெல்லக் கேட்டாள் செல்லம்.

“அப்பா இல்லைங்க.” ஆறு வயதிலேயே போய்விட்டார் என்பது தொண்டையில் நின்றது.

அவள் கையில் ஒரு கிளாஸ் சிராப்பைக் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டாள் நிரஞ்சனா. கோட்டுக்குள் வியர்வை ஊற்றியது.

அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. பேச்சு, அடங்கிய குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நடந்தது.

“மூக்கப் பாரு. அப்படியே அண்ணன் மூக்கு.”

“மூக்கு வேற மாதிரி இருக்கேக்கா.”

“காது?”

“காது ஒத்துப் போவுது.”

“டாக்டரு கோட்டு போட்டுருக்கா பாத்தியா. அங்க டாக்டருக்குப் படிக்க வச்சிருக்காரு. இங்க பொறந்தது பீப்பாய தட்டிக்கிட்டு இருக்கு.”

“பேசுறதப் பாத்தா சிலோன்கார வூட்டுப் புள்ள மாதிரி இருக்குலா.”

“எங்கண்ணன் சிலோன்காரியவா புடிச்சாரு? படிச்ச கூட்டமாச்சே!” புஷ்பவள்ளியின் குரலில் கோபத்தோடு ஏதோ ஒரு சின்னப் பெருமையும் கலந்திருந்தது. “லைசென்ஸ் எடுக்கவே ஏழு தடவ போன ஆளு!”

யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நிரஞ்சனாவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஆள் வந்தது. முத்தாயி கூப்பிடுகிறாளாம். முத்தாயி ஆறுமுகத்தின் மனைவி. வெள்ளைச் சேலையில், ஒரு கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். படத்தின் முன் படையல் பரப்பியிருந்தது: சோறு, பதினொரு வகைக் காய், வடை, ஒரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், பிரிக்காத சிகரெட் பெட்டி. முத்தாயி தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். நிரஞ்சனா உட்கார்ந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிய கை. பிடி இறுக்கமாக இருந்தது.

“சாப்டியா?”

“இல்லைங்க, பரவால்லைங்க.”

“ஒங்கம்மா நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்காங்க.”

“அவங்க வரலியா?”

“அவங்களுக்கு இதெல்லாம் புடிக்காதுங்க.” ராக் இசை என்றாலே அவள் அம்மா பாலேஸ்வரிக்குத் தலைவலி வந்துவிடும்.

“புடிக்காதுதான்,” என்றாள் முத்தாயி. “எனக்கு மட்டும் புடிக்குமா?” சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீ வந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேங்க.”

முத்தாயி தலையை ஆட்டினாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல, “செருப்புல மணலோட வருவாரு,” என்றாள். “வியாழக்கெழம வியாழக்கெழம. கொல கொண்டு போற மில்லு இருக்கறது இந்தப் பக்கம். இவரு லோரி போறது பி.டி. பக்கம். இருவது வருசம். நான் கேட்டதில்ல. நீ சின்னப் புள்ள, ஒம்மேல எனக்குக் கோவமில்ல.”

அப்போதுதான் நிரஞ்சனாவுக்கு மூக்கும் காதும் புரிந்தன. வந்ததிலிருந்து தான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே உண்மை. ஒன்றில்கூடப் பிழை இல்லை. எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் முடிவு மட்டும் இவ்வளவு கோணலாக வந்த ஒரு பரிசோதனையை அவள் எங்கேயும் செய்ததில்லை. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கூடாரத்துக்கு வெளியே, லோரிக்குப் பக்கத்தில், டிரம் செட் எழுந்து நின்றுவிட்டது. புனிதனும் குழுவின் நான்காமவனும் ஒலிபெருக்கிக் கம்பிகளை இழுத்து இணைத்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் மொட்டை அடித்த தலையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தான். படையல் போட்டுத் தீபம் காட்டியதும், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு. அப்பா சாப்பிடும்போது கேட்கட்டும் என்பது அவன் ஏற்பாடு. பண்டாரம் முகத்தைச் சுளித்தாலும் ஒப்புக்கொண்டிருந்தார். தீபம் காட்டியாகிவிட்டது. நிரஞ்சனா, அந்த நிலைமையிலும், தூரத்தைக் கணக்குப் போட்டாள். இருபது அடி தூரம். எட்டாவது மேடை.

புஷ்பவள்ளி அண்ணன் மகனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். குணாளன் நிமிர்ந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். பிறகு இரண்டு குச்சிகளையும் லோரிக்குள் வீசினான்.

“அவ இங்க இருக்கற வரைக்கும் நான் அடிக்க மாட்டேன், அத்த.”

“டேய் மச்சான்,” என்றான் கிரிதரன். “செவ்வாக்கெழம எனக்கு ஃப்ளைட்டுடா. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப?”

“எப்பவும் வேணாம்லா. எங்கப்பாவுக்கு அடிக்கிறேன்னுதான் வந்தேன். எங்கப்பா யாருன்னே இப்பதான தெரியுது.” அவன் சிம்பலின் திருகைக் கழற்ற ஆரம்பித்தான்.

எழுந்து போய்விடலாம். அதுதான் நிரஞ்சனாவுக்கு முதலில் தோன்றியது. அவளுக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். கார் அடைபட்டிருந்தாலும் கால் இருக்கிறது. செம்பனை வரிசைக்குள் நடந்து போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டால், அவள் போய்விட்டதாக நினைத்து இவர்கள் வாசிப்பார்கள். தூரத்திலிருந்து கேட்டுக்கொள்ளலாம். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாதி எழுந்தேவிட்டாள். மணிக்கட்டிலிருந்த பிடி இறுகியது.

“போவாத,” என்றாள் முத்தாயி. “அவன் கெடக்கான். நீயும் இந்த வூட்டுப் புள்ளதான். பந்தியில ஒக்காந்து சாப்ட்டுட்டுதான் போவணும்.”

‘இந்த வூட்டுப் புள்ள’ என்ற அந்த வார்த்தைதான் அவளைத் தடுத்தது. தன்னுடையது அல்லாத ஒன்றை ஒருத்தி கையில் பிடித்துக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு நடக்க முடியுமா?

“அம்மா, நான் அவங்க பொண்ணு இல்லைங்க.”

கூடாரத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. முதல் பாதி வந்துவிட்டது. மறுபாதி வழக்கம்போல் தொண்டையில் உட்கார இடம் தேடியது. நாற்பது முகங்கள். நிரஞ்சனா கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கமில்லாததால் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று தெரியவில்லை. தேவைக்கு மேல் தள்ளிவிட்டாள்.

“நான் பாட்டு கேக்க வந்தேன்!”

பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“யாரு பாட்ட?” என்றாள் புஷ்பவள்ளி.

“இவங்க பாட்ட. நான் தகரத்தோட ரசிகைங்க.”

முதலில் சிரித்தது செல்லம். பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு பரவியது. காரிய வீடு என்பதை மறந்து பண்டாரமும் சிரித்தார்.

“இவனுங்களுக்கு ரசிகையா? சி ரூசாவுலேருந்தா?” புஷ்பவள்ளி இடுப்பில் கைவைத்தாள். “இவனுங்க ஆரம்பிச்சா ரெண்டாவது லயத்துக்காரன் நாயக்கூட உள்ள கட்டிக் கதவ சாத்துவான். பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லணும்மா.”

ஆறுமுகத்துக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பதை அரை மணி நேரத்தில் நம்பிவிட்ட ஊர், அவர் மகனுக்கு ஒரு ரசிகை இருக்கிறாள் என்பதை நம்பவே மாட்டேன் என்றது. நிரஞ்சனா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கறுப்புச் சட்டை தெரிந்தது.

“இதப் பாருங்க. உங்க சட்டதான்.”

குணாளன் சிம்பலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். “அம்பது சட்ட அடிச்சோம். எட்டுதான் வித்துச்சு. மிச்சம் பூராவும் அப்பா லோரியிலதான் கெடந்துச்சு. அவரு யாருக்குக் குடுத்தாருன்னு எனக்கென்ன தெரியும்?”

“அந்த எட்டுல ஒன்னுங்க இது. தபால்ல வாங்கினேன்.”

“சரி. ரசிகைன்னு சொல்றீல்ல? எங்க பாட்டப் பத்தி ஏதாச்சும் சொல்லு பாப்போம்.”

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆய்வுக்கூடத்தில் குப்பிகளை வரிசையாக வைக்கும்போது அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் நாள் நகர்கிறது. முதல்முதலாகத் தனியாக அறை எடுத்துத் தங்கிய இரவில் பதினொன்றையும் இரண்டு சுற்றுக் கேட்டாள். இதையெல்லாம் ஆள் முன்னால் எப்படிச் சொல்வது? அவளுக்குச் சொல்லத் தெரிந்தது ஓர் அளவு மட்டும்தான்.

“‘எட்டு மணிச் சங்கு’ பாட்டுல, மூணு நிமிசம் பன்னெண்டாவது செகண்டுல, நீங்க ஒரு அடிய விட்டுர்றீங்க. அரை அடி தள்ளி வந்துதான் சேர்றீங்க.”

குணாளனின் வாய் திறந்தது. ஆனால் கத்தியது கிரிதரன்.

“நான் சொன்னேன்ல! நாலு வருசமா சொல்றேன்ல, கேக்குதுடா, கேக்குதுடான்னு! ‘எவனுக்கும் தெரியாதுடா’ன்ன!”

“அது வேணும்னே வச்சதுன்னுல்ல நான் நெனச்சேன்?” என்றான் புனிதன். “நானும் அங்க நிறுத்தி நிறுத்தி வாசிச்சேனேடா, ஏழு மேடையிலயும்!”

“நீ வாயமூடு.” குணாளன் சிம்பலை அதன் தண்டில் திரும்ப மாட்டினான். திருகு சரியாக அகப்படாமல் இரண்டு முறை நழுவியது. “ஒர மூட்ட ஸ்டோர்ல வச்சுதான் பதிஞ்சோம். எல்லாம் நல்லா போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பா கதவத் தொறந்து தலைய மட்டும் நீட்டி, ‘டேய், சாப்டியாடா’ன்னாரு. அதுல போச்சு.” திருகை இன்னொரு சுற்று முறுக்கினான். “அன்னிக்கு ரொம்ப ஏசிட்டேன்.”

“எனக்கு அந்த எடந்தான் ரொம்பப் புடிக்கும்,” என்றாள் நிரஞ்சனா. சொன்ன பிறகுதான், வாக்கியம் முழுசாக வந்திருப்பதைக் கவனித்தாள்.

குணாளன் லோரியில் ஏறிக் குச்சிகளைத் தேடினான். புஷ்பவள்ளிக்கு மட்டும் ஆறவில்லை. “அப்ப சி ரூசா?” என்று காற்றைக் கேட்டாள். செல்லம் பலாக்காய்க்குத் திரும்பிப் போனாள்.

முத்தாயியின் பிடி தளர்ந்திருந்தது. கை மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது.

“மன்னிச்சிருங்கம்மா.”

“நீ என்னா பண்ணுவ.” முத்தாயி மூச்சை இழுத்துவிட்டாள். “ஒன்னப் பாத்ததும் ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. சரி, மொகம் தெரிஞ்சு போச்சு, இனிமே அதயே நெனக்க வேணாம்னு. இப்ப மறுபடியும் மொகம் இல்ல.” சிகரெட் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டினாள். “ஒருவேள சும்மா கடல பாத்துட்டுதான் வந்தாரோ என்னமோ. போவானாம்மா ஒரு ஆளு, இருவது வருசம், சும்மா கடல பாக்க?”

நிரஞ்சனா வேலை செய்கிற இடத்தின் ஜன்னல் வழியாகக் கடற்கரைச் சாலை தெரியும். மத்தியான வேளைகளில் அங்கே லோரிகள் நிற்கும். ஓட்டுநர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்குப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். சிலருக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

“போவாங்கம்மா,” என்றாள். “நான் பாத்திருக்கேன்.”

முத்தாயி அவளை ஒரு முறை பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

குணாளன் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினான்.

முதல் அடியில் ஸ்டவுட் பாட்டில் படையலில் ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டாவதில் குத்துவிளக்கின் சுடர் படுத்து எழுந்தது. கூடாரத்தின் இரும்புக் கால்கள் தங்களுக்குள் முனகின. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பைக் காதில் அடைத்துக்கொண்டார்கள். பண்டாரம் விபூதித் தட்டை மடியில் அணைத்துக்கொண்டார். நிரஞ்சனாவுக்கு முதலில் பாட்டே கேட்கவில்லை. விலா எலும்பில் அடிப்பதுதான் தெரிந்தது. காதில் மாட்டிக் கேட்கிற கருவியில் பாட்டு தலைக்குள் நடக்கும். வேண்டாம் என்றால் நிறுத்தலாம். இங்கே அவள்தான் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு. கிரிதரனின் குரல் மேலே ஏறுகிற இடத்தில் உடைந்தது. பதிவில் அழகாக உடையும். நேரில் அசிங்கமாக உடைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் தெறித்தது. இது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. கன்னத்தில் வழிந்தது வியர்வையா வேறெதுவுமா என்று அவள் பார்க்கவில்லை. கைகள் மடியில் அடங்கி இருந்தன. எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. வலது காலின் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் ஆடியது.

அந்த இடம் வந்தது. குணாளன் தலையைத் திருப்பி, திறந்திருந்த வீட்டுக் கதவைப் பார்த்தான். அடிக்கவில்லை. பதிவில் அரை அடி. இன்று ஒன்று, இரண்டு, மூன்று அடி வரைக்கும் குச்சிகள் காற்றிலேயே நின்றன. மற்ற மூவரும் அவனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு அவன் தலையை ஆட்டினான், ‘சாப்ட்டேன்’ என்று சொல்வதைப் போல. எல்லாம் சேர்ந்து விழுந்தது.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. காரிய வீட்டில் கைதட்டக் கூடாது. இரண்டாவது லயத்திலிருந்து ஒரு நாய் மட்டும் தன் அபிப்பிராயத்தைச் சொன்னது.

“முடிஞ்சிருச்சா?” என்று கேட்டாள் முத்தாயி.

“முடிஞ்சிருச்சும்மா.”

“நல்லாதான் இருக்கு. கொஞ்சம் மெதுவா சண்ட போட்டிருக்கலாம்.”

பண்டாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். படையலிலிருந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இலையில் எடுத்துக் குணாளனிடம் கொடுத்தார். காக்காவுக்கு வைக்க வேண்டும். காக்கா வாயில் வைத்த பிறகுதான் மனிதருக்குப் பந்தி. குணாளன் வீட்டுக்குப் பின்னால் போய் வேலிக்கால் மேல் இலையை வைத்து, “கா... கா...” என்றான். பசியோடிருந்த நாற்பது பேரும் பின்னாலேயே வந்து வானத்தைப் பார்த்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது. காலையிலிருந்து குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த காக்கைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

“எங்கேருந்துடா வரும்?” என்றாள் புஷ்பவள்ளி. “நீங்க அடிச்ச அடியில தம்பின் டவுன் எல்லைய தாண்டியிருக்கும். இப்ப சாம்பார் ஆறுது. பாயசம் கட்டியாவுது. கூப்புடுங்கடா எல்லாரும்!”

நால்வரும் வரிசையாக நின்று கூப்பிட்டார்கள். புனிதனுக்குக் குரலே இல்லை. அவனுக்கு அடுத்து கிரிதரன், இரண்டு கையையும் வாயருகே குவித்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டில் மேலே ஏறுவதைப் போலவே ஏறி, “கா...” என்று இழுத்தான். செம்பனை வரிசைகளுக்குள் அது போய்க்கொண்டே இருந்தது. மேலே போய் உடைந்தது. ஒலிபெருக்கி இல்லை, கித்தார் இல்லை. நிரஞ்சனா அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

புஷ்பவள்ளி முழங்கையால் அவளை இடித்தாள். “ரசிகைன்னு வந்தீல்ல? சும்மா நின்னா எப்படி? நீயும் கூப்புடு.”

நிரஞ்சனா வாயைத் திறந்தாள். மெல்லியதாக ஒரு ‘கா’ வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கூப்பிட்டாள். கிரிதரன் திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தான். அவன் மூச்சு தீர்ந்த இடத்தில் இவள். வேலியோரம் நாற்பது பேரும், பண்டாரத்தோடு சேர்த்து, அண்ணாந்து நின்றார்கள்.

எங்கேயோ தூரத்திலிருந்து ஒற்றைக் காக்கை வந்து மின்கம்பியில் உட்கார்ந்தது. இலையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைச் சாய்த்து, டிரம்மை மறு கண்ணால் பார்த்தது. இறங்கவும் இல்லை, போகவும் இல்லை.